பேயாகக்கூட வராதவர்கள்

கிட்ட வந்து உட்கார். இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்த நகத்தை மடக்கி வைத்துக்கொள், வாயையும் மூடிக்கொள். உன்னைப் பார்த்து எனக்குப் பயமில்லை. பயப்படுவது என் வேலை, அது வேறு. சவுண்ட் இன்ஜினியர் ஜோஷ்வா தம்பி ஏதோ ஒயர் இரைகிறது என்று உன்னைத் திரையில் அப்படியே நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து கிடக்கிறான். நீ நடுரோட்டில் இரும்பு மூடியைத் தலையால் தள்ளிக்கொண்டு பாதி வெளியே, பாதி உள்ளே. அவன் தட்டினால் நீ ஏறி வருவாய், நான் கத்துவேன். அதுவரைக்கும் உனக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை, அதனால் கேள். வாயைத் திறக்காமல் மனசுக்குள்தான் சொல்கிறேன், இந்த மைக் முன்னால் எச்சில் விழுங்கினால்கூட அவனுக்குக் கேட்டுவிடும். என் பேர் நாகபூஷணம், இந்த சாலிகிராமத்தில் எல்லோருக்கும் பூசணம்மா. எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, தாளைக் கையில் கொடுத்தால் விசிறிக்கொள்வேன். ஆனால் ஒருதரம் காதில் விழுந்ததை அதே ஏற்ற இறக்கத்தோடு திருப்பிக் கொடுப்பேன். வெளிநாட்டுப் படத்தைத் தமிழில் மாற்றும்போது பெரிய வேஷத்துக்கெல்லாம் பெரிய ஆட்கள் பேசுவார்கள். ஓடுகிறவன், விழுகிறவள், மிதிபட்டுச் சாகிறவன், இந்தக் கும்பலுக்கு மட்டும் நாங்கள். நான், சவுந்தரி, கோதண்டம் அண்ணன், மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு பட்டணமே கத்தும். நான் கத்தாத மிருகம் இல்லை. மலை மாதிரிக் குரங்குக்குக் கத்தியிருக்கிறேன், கடலிலிருந்து எழுந்து நின்ற பல்லிக்குக் கத்தியிருக்கிறேன், பஸ் அளவு எறும்புக்கு, நடக்கிற பிணத்துக்கு, வானத்திலிருந்து கயிறு மாதிரி இறங்கின ஏதோ ஒன்றுக்கு. எதுவும் தொண்டைக்குக் கீழே இறங்கினதில்லை. கத்திவிட்டு வெளியே வந்தால் வடை சூடாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். நீ ஏன் சாக்கடைக்குள்ளிருந்து வந்தாய்? வேறு இடமே கிடைக்கவில்லையா உனக்கு? காலையில் பத்ரி சார், அவர்தான் வசனம் எழுதிச் சொல்லிக்கொடுக்கிறவர், கதை சொன்னார். ஊருக்கு அடியில் ஓடுகிற கழிவுநீர்க் கால்வாயில் ஒரு மிருகம் வளர்கிறது, தெருத்தெருவாக மூடியைத் திறந்து ஆளை இழுக்கிறது என்றார். கோதண்டம் அண்ணன் மப்ளரை இறுக்கிக்கொண்டு, “அங்க எல்லாம் சாக்கடைக்குள்ள பஸ்ஸே போவும் போலக்கீது சார்” என்றார். சவுந்தரி திரையைப் பார்த்து, “இந்த வாய் அப்படியே என் நாத்தனாருக்குக் கீது” என்றாள். “வாலும் கீதா?” என்று அண்ணன் கேட்டார். “அது புடவைக்குள்ள கீது, நான் எங்க பாத்தேன்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது மணி பதினொன்று இருக்கும், என் பிள்ளை இன்னும் போன் பண்ணவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது, சிரித்தேன்.

சாப்பாட்டு வேளையில்தான் பண்ணினான். தேசிங்கு, என் ஒரே பையன், கழிவுநீர் லாரியில் குழாய் பிடிக்கிற வேலை. குழாயை உள்ளே விடுவான், மோட்டார் இழுக்கும், அவ்வளவுதான், இவன் இறங்கக் கூடாது, யாருமே இறங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். போன வருஷம் எங்கள் தெரு மாரியும் அவன் மச்சானும் ஏதோ ஒரு அடுக்குமாடியில் ஒரே குழிக்குள் இறங்கிச் செத்துப்போனபிறகு என் தலையில் கை வைத்து, “இனிமே எறங்க மாட்டேம்மா” என்று சொன்னான். தலையில் வைத்த அந்தக் கை சோப்பு வாசனையாக இருந்தது, மூன்று தரம் போட்டுக் கழுவினால்தான் அந்த வாசனை வரும், அன்றைக்கும் குழிக்குள் இருந்து வந்த கை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இன்றைக்குப் போனில், “சாப்ட்டியாம்மா?” என்றான். “சாப்ட்டேன்டா, நீ எங்க கீற?” “டீக்கடையாண்ட.” பொய். டீக்கடையாண்ட நிற்கிறவன் குரல் எனக்குத் தெரியாதா? டீக்கடையில் குரல் பரந்து போகும், தட்டுகிற கிளாசும் ஹாரனும் அதன் மேலே ஏறும். இவன் குரல் கீழே போய்த் திரும்பி வந்தது. குழி வாயில் நின்று பேசுகிறவன் குரலுக்கு ஒரு வால் இருக்கும், சொல் முடிந்தபிறகும் ஒரு நூல் அளவு உள்ளே இழுபடும். அப்புறம் இரும்பு கல்லில் உரசுகிற சத்தம், ர்ரக் என்று. அதுக்கப்புறம் யாரோ ஒரு ஆள், “கயிறு எங்கடா?” என்றான். மோட்டார் ஓடவில்லை. குழி பக்கம் லாரி நின்றால் உறிஞ்சுகிற மோட்டார் ஓட வேண்டாமா? “தேசிங்கு, இன்னாடா அது சத்தம்?” “ஒண்ணுமில்லம்மா, வைக்கிறேன், நைட்டுக்கு மீன் வாங்கியாரவா?” என்றான். மீன் என்கிறான். நான் வேண்டாம் என்றேனா வாங்கிவா என்றேனா, அதுகூட ஞாபகமில்லை. நம் தலையில் அடித்து வைத்த சத்தியம், நாம் பக்கத்தில் இல்லாத இடத்தில் எத்தனை நேரம் நிற்கும்? அடைப்பு எடுபடவில்லை, மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்கிறார், மேலே பால்கனியில் நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள், சீக்கிரம் முடிங்கப்பா என்கிறார்கள். இவன் முகத்தாட்சணியக்காரன். சின்ன வயசில் யார் என்ன கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வராது அவனுக்கு, பக்கத்து வீட்டுக்காரி கோலமாவு வாங்கிவர அனுப்பினால்கூட நம் வீட்டுச் சோறு ஆறிப்போனாலும் போய்விட்டு வருவான். நான்தான் அப்படி வளர்த்தேன், மரியாதை என்று சொல்லி.

அதுக்கப்புறம் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். போனெல்லாம் வாசல் கூடையில். மைக்குக்கு ஆகாது, டிக்டிக்கென்று எதையோ கொண்டுவந்து போட்டுவிடுமாம். அப்போது நீ வந்தாய். இதே மூடி, இதே உரசல். அந்த ஊர் இரும்பும் அந்த ஊர்க் கல்லும்தான், ஆனாலும் ர்ரக் என்று அதே சத்தம். ஒரு பொம்பளை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மகனை நீ இழுத்தாய், அவள் வாயைத் திறந்தாள், பத்ரி சார் கையை வீசினார், நான் கத்த வேண்டும். எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்குத் தெரியாது. கும்பலில் ஐயோ சொல்லலாம், அம்மா சொல்லலாம், சாமி சொல்லலாம். பேர் சொல்லிக் கத்த வேண்டி வந்தால் நம் சொந்தத்தில் உயிரோடு இருக்கிற யார் பேரும் வாயில் வரக் கூடாது. அதுக்கென்று ஆளே இல்லாத பேர்கள் வைத்திருக்கிறோம். சவுந்தரிக்கு ரத்னகுமார், அப்படி ஒருத்தன் அவள் ஏழேழு தலைமுறையிலும் கிடையாது, பாவம் எத்தனை படத்தில் செத்துவிட்டான் அவன். எனக்குப் பிச்சாண்டி. தப்பித்தவறி நிஜப் பேர் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி அழித்துவிடுவார்கள், பழைய இன்ஜினியர்கள் எல்லோருக்கும் தெரியும், கேட்காமலே அழிப்பார்கள். இத்தனை வருஷம் எனக்கு வந்ததில்லை. இன்றைக்கு வாயைத் திறந்தேன், பிச்சாண்டி வரவில்லை. தேசிங்கு வந்தது. தேசிங்கூ என்று, அடிவயிற்றிலிருந்து, நானே கேட்டிராத ஒரு குரலில் வந்தது. சவுந்தரி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்ரி சார் எழுந்தே நின்றுவிட்டார். “பிரமாதம்! ஓகே!” என்று அவர் குரல் காதில் வந்தது. “சார், அத்த அழிச்சுடுங்க சார்” என்றேன். “எதுக்கும்மா? இதும்மா கத்தல்! இவ்வளவு நாளா எங்கம்மா வச்சிருந்த இதை?” “அது என் புள்ள பேரு சார்.” அவர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறவர். “நல்ல பேருதானேம்மா, சினிமால வந்துட்டுப் போவட்டும். கும்பல்ல யாருக்குத் தெரியப் போவுது? இன்னொருதரம் கத்தினா இது வராதும்மா, எனக்குத் தெரியும்.” கோதண்டம் அண்ணன் மெல்ல, “வழக்கம் ஒண்ணு கீது சார்” என்று இழுத்தார். “அண்ணே, மிருகம் நெஜமா வந்து புடிச்சுக்கப் போவுதா?” என்றார் பத்ரி சார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு முடிந்தது. என் பிள்ளை பேர் ஜோஷ்வாவின் பதிவுப் பெட்டிக்குள் இருக்கிறது. நீ இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் இருக்கிறது. மூடி தானாக மூடிக்கொள்கிற இடத்தில் இருக்கிறது.

ஒயர் இரைச்சல் அப்புறம்தான் வந்தது. அந்தச் சாக்கில் வெளியே ஓடிப் போனை எடுத்தேன். சவுந்தரிதான் பேரைப் பார்த்து அமுக்கிக் கொடுத்தாள். அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. ஸ்விட்ச் ஆப் என்று போனுக்குள் பேசுகிற பொம்பளை சொல்லியிருந்தால்கூட சார்ஜ் இல்லை என்று இருந்திருப்பேன். அடிக்கிற போன்தான் கொடுமை. இறங்குகிறதுக்கு முன்னால் சட்டையைக் கழற்றி, அதுக்குள் போனைச் சுருட்டி, லாரிப் படியில் வைப்பார்கள், எல்லோரும் அப்படித்தான், மாரி சட்டைக்குள்ளும் போன் இருந்தது, அவன் பெண்டாட்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், சட்டை பாடிக்கொண்டே இருந்தது. மருமகளைக் கூப்பிட்டேன். கோமளா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள், “அவரு லாரியிலதான் அத்தே கீறாரு, நீ சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காத” என்றாள், ஆனால் அந்தச் சும்மாவில் ஒரு நடுக்கம் இருந்தது, அவளுக்கும் தெரியாது. எந்த இடம்டி என்றேன். வேளச்சேரி தாண்டி ஏதோ அடுக்குமாடி என்றாள். தாண்டி என்றால் எங்கே? நான் ஆட்டோ ஏறி எங்கே போவது? இந்த ஊரில் மூடி இல்லாத தெரு எது? ஒவ்வொரு மூடியாகக் குனிந்து தேசிங்கு, தேசிங்கு என்று கேட்டுக்கொண்டே போவேனா? “இன்னாடி பூசணம், மூஞ்சி செத்துக் கெடக்குது?” என்று சவுந்தரி கேட்டாள். குரலின் வாலைச் சொன்னேன், ர்ரக் சத்தத்தைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார்கள். அவள் சொல்லவில்லை. அவளும் காதால் சாப்பிடுகிறவள். வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, என் கையிலிருந்த போனை வாங்கி, தானே ஒருதரம் கூப்பிட்டு, முழுசாக அடித்து முடிகிறவரைக்கும் கேட்டாள். அப்புறம் கூடையில் போட்டாள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், வந்து பார்த்தால் இரைச்சல் இன்னும் போகவில்லை.

இப்போது இங்கே நிற்கிறேன், நீ அங்கே நிற்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எந்த ஊர்ப் பயம்? கோதண்டம் அண்ணன் நாடகத்தில் இருந்தவர், கொஞ்சம் பேப்பர் படிப்பார், அவர் ஒருதரம் சொன்னார், கடலிலிருந்து வருகிற மிருகத்தையெல்லாம் அணுகுண்டு விழுந்த ஊர்க்காரர்கள்தான் முதலில் யோசித்தார்கள் என்று. சரிதான். எரிந்த ஊருக்கு எரிக்கிற மிருகம். இயந்திரம் நிறையச் செய்கிற ஊருக்கு இயந்திரமே எழுந்து நின்று கழுத்தைப் பிடிக்கும். நோய் வந்து எல்லோரும் கதவைச் சாத்தியிருந்த வருஷம் முடிந்ததும் நடக்கிற பிணமாக வந்தது, நாங்கள் மூக்குத்துணி கட்டிக்கொண்டு தள்ளித்தள்ளி நின்று கத்தினோம். ஒவ்வொரு ஊரும் தனக்கு வந்ததைத்தான் மிருகமாக்கி மாட்டிவைத்துப் பார்க்கிறது. அப்போது நம் ஊருக்கு? நம் ஊர்ப் பேயெல்லாம் பொம்பளை. வெள்ளைப் புடவை, விரித்த தலை, கொலுசு. அதுக்கும் நான் கத்தியிருக்கிறேன், சிரித்துமிருக்கிறேன், அந்தப் பேய்ச் சிரிப்பு நன்றாக வரும் எனக்கு. அவள் யார் என்று கடைசி ரீலில் தெரியும். எரித்துக் கொன்றிருப்பார்கள், கிணற்றில் தள்ளியிருப்பார்கள், கெடுத்துவிட்டு மரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். செய்த ஊருக்குத் தெரியும் செய்தது என்னவென்று. அவள் திரும்பி வருவாள் என்று அதனால்தான் பயம். பாம்பும் அப்படித்தான், ஒன்றை அடித்தால் இன்னொன்று தேடி வருமாம். தப்புச் செய்தவனுக்குத்தான் பேய். அப்படியென்றால் ஒன்று சொல். குழிக்குள் போனவர்கள் ஏன் எந்தப் படத்திலும் பேயாக வருவதில்லை? மாரி ஏன் வரவில்லை? இடுப்பில் கயிற்றோடு, கறுப்பாக நனைந்து, தான் செத்த அடுக்குமாடியின் லிப்டில் ஏறி, வீட்டுக்கு வீடு மணி அடித்துக்கொண்டு அவன் ஏன் வரவில்லை? கழிவறைக் குழாயிலிருந்து ஏன் ஒரு கை நீளவில்லை? எத்தனை பேர் போயிருக்கிறார்கள், ஒரு கும்பலுக்கே கத்தலாம். ஒரு படம் இல்லை. ஏன் என்றால் அவர்களுக்கு யாரும் பயப்படவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அந்தப் பால்கனியில் யாருக்கும் தோன்றினால்தானே ராத்திரியில் தண்ணீர் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போடும். மாரி செத்த மறுநாள் அங்கே பினாயில் ஊற்றிக் கழுவினார்களாம், அதோடு சரி. பேயாகிறதுக்குக்கூட ஒரு மரியாதை வேண்டியிருக்கிறது. நீ வந்த ஊரில் கீழேயிருந்து ஏதோ மேலே வந்துவிடும் என்று பயம். எனக்கு, கீழே போனவன் மேலே வராமல் போய்விடுவானோ என்று பயம். உனக்கு உருவம் இருக்கிறது, பல் இருக்கிறது, ஊ என்று ஒரு குரல் இருக்கிறது, வருகிறாய் என்று தெரிந்து ஓடலாம். குழிக்குள் இருக்கிற விஷக்காற்றுக்கு இதில் ஒன்றுமே இல்லை. அழுகின முட்டை வாசனை வருமாம், அப்புறம் அந்த வாசனையும் தெரியாமல் போய்விடுமாம், போய்விட்டது நல்லதாகிவிட்டது என்று நினைப்பார்களாம், அப்போதுதான் அது பிடிக்கிறதாம். தேசிங்கே சொல்லியிருக்கிறான், சோறு சாப்பிட்டுக்கொண்டே. அதை எப்படிப் படம் எடுப்பார்கள்? அதுக்கு எப்படிக் கத்துவது? கத்த வாயைத் திறந்தால் உள்ளே போய்விடுமே. மாரி கத்தவே இல்லை என்று மேலே நின்றவன் சொன்னான். தொபுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் ஒரு வாழ்நாள் முழுக்கக் கத்தியிருக்கிறேன், செத்தவன் ஒருத்தனும் கத்தவில்லை. தப்பான சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தேனா? நீயாவது சொல். சொல்ல மாட்டாய், உனக்குக் குரல் கொடுக்கிறவர் நாளைக்குத்தான் வருகிறார்.

ஜோஷ்வா நிமிர்ந்துவிட்டான். கட்டை விரலைக் காட்டுகிறான். “கடைசி ஒண்ணு போட்டுட்டா ரீல் முடிஞ்சுதும்மா” என்று பத்ரி சார் குரல். ஏற்கெனவே பதிந்ததை ஓடவிட்டு, அதன் மேலே இன்னும் கொஞ்சம் கும்பல் சத்தம் சேர்க்க வேண்டும். அதாவது நான் அந்தப் பேரை மறுபடி கேட்க வேண்டும், என் காதாலேயே. ஹெட்போனைக் கழற்றிவிடலாமா என்று இருக்கிறது. கையை அதன் மேல் வைக்கிறேன், கழற்றவில்லை. சார், நான் போகணும் சார் என்று சொல்லலாம். போ என்பார். போய்? வாசலில் நின்றால் எந்தப் பக்கம் திரும்புவது? சாமி பேரைச் சொல்லலாம் என்று பார்த்தால் எந்தச் சாமிக்கும் மூடிக்குக் கீழே கோயில் இல்லை. சவுந்தரி எனக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், கொப்பளித்து விழுங்குகிறாள். சின்னப் பையன் குரல், வாலிபன் குரல், கழுதைக் குரல் எல்லாம் கொடுப்பாள் அவள். “சார்” என்கிறாள், “பொம்பளைங்க சத்தமாவே கீது. நடுவுல ஒரு வாலிபக் குரல் உடட்டா?” “அத நான் போடறேனே” என்கிறார் கோதண்டம் அண்ணன். “உன் கொரலு ரிட்டேராயி ரொம்ப நாளாச்சுண்ணா, கம்முனு இரு.” பத்ரி சார் சிரிக்கிறார். “போடு சவுந்தரி, எங்கயாச்சும் எடம் பாத்துப் போட்டுக்க.” விளக்கு சிவப்பாகிவிட்டது. எழுந்திரு, உன் நேரம் வந்துவிட்டது, போ, ஏறு. ர்ரக். மூடி நகர்கிறது. ஓடுகிறார்கள். நானும் கோதண்டம் அண்ணனும் ஐயோ ஐயோ என்கிறோம், என் ஐயோ வறண்டு வருகிறது, யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பொம்பளை மகன் கையைப் பிடிக்கிறாள். இதோ வருகிறது. நகம். இழுப்பு. காதுக்குள் நான், அப்போது இருந்த நான், தேசிங்கூ என்று கத்துகிறேன். மைக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். கத்தல் முடிந்ததும் ஒரு சின்ன இடம் இருக்கிறது, ஒரு கண் சிமிட்டுகிற நேரம், திரையில் புகை மட்டும், யார் சத்தமும் இல்லாத இடம். அந்த இடத்தில் சவுந்தரி மைக்குக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், தூரத்தில் இருப்பவன் குரல் வேண்டும் என்றால் அப்படித்தான் நிற்போம். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். “எம்மா! தோ வன்ட்டேம்மா! மேலதான் கீறேன்!” என்று கூப்பிட்டாள். என் பிள்ளை குரல் இல்லை அது, என் காதை ஏமாற்ற முடியாது, அவன் குரலில் கொஞ்சம் மணல் இருக்கும், இதில் இல்லை. ஆனால் என் வயிறு அதைக் கேட்டுத் திரும்பியது. பத்ரி சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார், நிறுத்தவில்லை, ஜோஷ்வாவும் நிறுத்தவில்லை, பேர் இருக்கிற பெட்டிக்குள்ளேயே, அதே இடத்தில், அதுக்குப் பதிலும் போய்விட்டது. முடிந்தது என்று நினைத்தேன். சவுந்தரி முடிக்கவில்லை. குவித்த கையை இறக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, ஏணியில் ஏறி வந்தவனுக்கு வாங்குமே, அந்த மூச்சையும் போட்டாள்.